இரண்டாவது அடி

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் தெருக்களில் அனுசியாவை அறியாதவர்கள் இல்லை. கைப்பிரஸ்ஸில், மின்சாரப் பலகையில் மாட்டும் பீங்கான் ஃபியூஸ் கட்டை அடிக்கிற வேலை அவளுக்கு. அச்சுக்குள் களிமண் தூளைப் போட்டு, தலைக்கு மேலே இருக்கும் இரும்புப் பிடியை இழுத்துச் சுழற்ற வேண்டும். மேல் அச்சு இறங்கி நசுக்கும். ஆம்பிளைகளே மதியத்துக்கு மேல் தோள் வலிக்கிறது என்று பீடி பிடிக்க வெளியே போய்விடுவார்கள். அனுசியா போகமாட்டாள். ஒருமுறை இடது கை சுண்டுவிரலின் நுனி அச்சோடு போனது. துணியைச் சுற்றிக்கொண்டு தானே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள், காயம் ஆறுவதற்குள் மறுபடி அதே பிரஸ்ஸில் வந்து நின்றாள்.

ஆனால் அவளுடைய பலத்தைவிடக் கோபத்தைப் பற்றித்தான் ஊரில் பேச்சு. அது சின்ன வயதிலேயே வந்த கோபம். அவளுடைய அப்பன் குடித்துவிட்டு வந்தால் அம்மாவைக் கூந்தலைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போட்டு மிதிப்பான். தெருவே வேடிக்கை பார்க்கும். அனுசியா வயதுக்கு வந்த வருடம், ஒருநாள் உலக்கையை எடுத்து அப்பனின் முழங்காலில் போட்டாள். அவன் சாகும்வரை அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தான். அதற்குப் பிறகு அம்மாவின்மேல் அவன் கை படவில்லை. அடிக்கிறவனை நிறுத்த அவனைத் திருப்பி அடிப்பதைத் தவிர வழியில்லை என்று அன்றைக்கு அவள் மனதில் பதிந்துபோனது. அதைத் தப்பென்று சொல்ல அந்த வீட்டில் யாருமில்லை.

கம்பெனியிலும் அப்படித்தான். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து வேலை பார்க்கும் கமருன்னிசா, சுடாத கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சூளைக்குத் தூக்கிப் போவாள். குவைத்தில் சண்டை வந்தபோது அவளுடைய புருஷன் வெறுங்கையோடு திரும்பி வந்து, நோயில் விழுந்து இறந்துபோயிருந்தான். வீட்டுப்படி தாண்டாதவள் அதன்பிறகுதான் வேலைக்கு வந்தாள். ஒருநாள் கால் தடுக்கிப் பலகையிலிருந்த கட்டைகளையெல்லாம் கீழே போட்டுவிட்டாள். மேஸ்திரி விமல்ராஜ் ஓடிவந்து அவள் கன்னத்தில் அறைந்தான். தலையில் போர்த்தியிருந்த துப்பட்டி நழுவித் தரையில் விழுந்தது. அவன் அடுத்த அறைக்குக் கை ஓங்கியபோது, அனுசியா அந்த வெறும் பலகையை எடுத்து அவன் வாயில் அடித்தாள். முன்பல் இரண்டு களிமண்ணில் கிடந்தன.

முதலாளி இருவரையும் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். விமல்ராஜ் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அனுசியாவைப் போல் கட்டை அடிக்க ஆள் கிடைக்காததால் அவளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கமருன்னிசா அவளுக்கு அக்கா ஆனாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் சிங்காரவேல், குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஜங்ஷனுக்கு எதிரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். சக்கரத்தைச் சுழலவிட்டு, கோணல் எங்கே என்று காதால் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்ப்பான். அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. படகில் போக வேண்டும். மணிமுத்தாற்றில் மணலைத்தான் பார்த்து வளர்ந்தவன் அவன்.

“வீராணம் ஏரி ரொம்பிக் கெடக்குதாம். காணும் பொங்கலுக்குப் போயிட்டு வரலாமா?” என்று அந்தத் தை மாதம் கேட்டான். தொண்ணூற்று நாலாம் வருடம்.

“போவலாம்ங்க. அக்காவையும் கூப்புட்டுக்கலாம்” என்றாள் அனுசியா. மகள் அகல்யா, இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், அன்றிரவு தூங்கவேயில்லை.

காலை பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீமுஷ்ணம் போய், அங்கிருந்து பஸ் மாறி ஏரிக்கரையில் இறங்கினார்கள். கரை நெடுக ஜனம். கரும்புச் சக்கை, பலூன், பஜ்ஜிக் கடை. அந்தப் பக்கக் கரை கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. சிங்காரவேல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தான்.

ஆனால் படகுகள் எல்லாம் கரையில் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து வந்தான். கருப்பன் என்று பேர் சொன்னான். காய்ந்த விறகு மாதிரி உடம்பு, நரைத்த தலை.

“நாளு பூரா வாடகைக்கு வேணும்ங்க. நடுவுல எங்கனா எறங்கி சோறு தின்னுட்டு வரணும்” என்றான் சிங்காரவேல்.

“வாங்க. திட்டு ஒண்ணு இருக்குது, நெழலா இருக்கும். பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடறேன்.”

கருப்பனின் மனைவி ஆராயி பின்னாலேயே வந்து அவன் தோளைப் பிடித்தாள். “இன்னிக்கி வாணாம்யா. அவனுங்க விடியறதுலேர்ந்து சுத்திக்கிட்டிருக்கானுங்க.”

“சும்மா இருடி.”

அனுசியாவின் காதில் அது விழுந்தது. “யாருண்ணே சுத்தறாங்க? எதனா தகராறா?”

“ஒண்ணுமில்லம்மா. ஏரிய மீன் குத்தகைக்கு எடுத்தவன் ஒருத்தன், படகே எறக்கக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். ஆளுவள ஏத்திக்கிட்டுப் போறதுக்கு அவன் யாரு கேக்கறதுக்கு? நீங்க ஏறுங்க.”

அகல்யா அதற்குள் படகில் ஏறி, முன்பலகையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சிங்காரவேல் ஒரு காலைப் படகிலும் ஒரு காலைத் தண்ணீரிலும் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பின்னால் எத்தனையோ தடவை அவள் அந்த இடத்துக்குத்தான் மனதில் திரும்பிப் போனாள்.

காலைப்பொழுது நன்றாகத்தான் போனது. கருப்பன் கழியை ஊன்றித் தள்ளினான். ஆழம் வந்ததும் துடுப்பை எடுத்தான். சம்புக் கோரைப் புதர்களிலிருந்து நாமக்கோழிகள் தண்ணீர்மேல் ஓடின. சிங்காரவேல் துடுப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்க, படகு வட்டமடித்தது. கமருன்னிசா பயத்தில் இரு பக்கமும் பலகையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நேரா வுடுங்க, எனக்குத் தல சுத்துது” என்றாள். அகல்யா விழுந்து விழுந்து சிரித்தாள். புருஷன் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்ததை அனுசியா கல்யாணமான இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை.

திட்டில் இறங்கி, எலுமிச்சம் சோறும் கமருன்னிசா கொண்டுவந்த கறி வறுவலும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துத் திரும்பினால் கருப்பனைக் காணோம். படகையும் காணோம். கொஞ்ச நேரத்தில் சம்புக்குப் பின்னாலிருந்து வந்தான். படகின் அடியில் ஈர வலை குவிந்து கிடந்தது. அதற்குள் கெண்டையும் விராலும் துள்ளிக்கொண்டிருந்தன.

அனுசியாவுக்கு உடனே விளங்கிவிட்டது. “என்னாண்ணே இது? இதுக்குத்தான் எங்கள ஏத்திக்கிட்டு வந்தீங்களா?”

கருப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நேத்து போட்ட வலம்மா. எடுக்க வுடமாட்டேங்கறானுங்க. பொம்பள, புள்ளைங்க இருக்கிற படகுன்னா கிட்ட வரமாட்டானுங்க. அந்த தைரியத்துலதான் எடுத்தேன். வூட்ல ஒல வெச்சி நாளாவுது.”

“மீனத் தூக்கித் தண்ணியில போடுங்க. அப்பறந்தான் நாங்க ஏறுவோம்.”

“அனுசியா, வுடு” என்றான் சிங்காரவேல். “பாவம், வயித்துப்பாடு. கரைக்குப் போயி எறங்கிட்டா நமக்கென்னா.”

அனுசியா பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். வலையின்மேல் ஒரு கோணிச் சாக்கைப் போர்த்தி, அதன்மேல் சோற்றுக் கூடையை வைத்தான் கருப்பன்.

பாதி ஏரி வருவதற்குள் இன்னொரு படகு குறுக்கே வந்தது. அதில் மூன்று பேர். நடுவில் வெள்ளை வேட்டியோடு நின்றவன்தான் மாணிக்கவேல், குத்தகைக்காரன். முன்னால் கையில் அரிவாளோடு குந்தியிருந்தவன் அவனுடைய தம்பி பாவாடை. இன்னும் மீசைகூட அடர்த்தியாக முளைக்காத முகம். மூன்றாவது ஆள் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். மூவரிடமும் சாராய வாடை அடித்தது.

“சாக்க எடு” என்றான் மாணிக்கவேல்.

“ஆளுவ இருக்காங்க. கரையில வந்து பேசு” என்றான் கருப்பன்.

“சாக்க எடுடா.”

“ஏரி என்னா உங்கப்பன் வூட்டு சொத்தா? எங்கப்பன் வல போட்ட எடம்டா இது.”

மாணிக்கவேல் பக்கத்தில் கிடந்த கழியை எடுத்தான். பேச்சோடு பேச்சாகக் கருப்பனின் மண்டையில் இறக்கினான். ஈர மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். கருப்பன் கத்தவில்லை. மடங்கி மீன்களின்மேல் விழுந்தான். சாக்கு விலகியது. ரத்தம் பட்டதும் விரால் ஒன்று எகிறிக் கமருன்னிசாவின் மடியில் விழுந்தது.

சிங்காரவேல் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு எழுந்தான். “ஐயா, நாங்க விருத்தாசலம். சுத்திப்பாக்க வந்தவங்க. கொழந்த இருக்குது. மீன எடுத்துக்குங்க, வலைய எடுத்துக்குங்க, எங்கள வுட்டுடுங்க.”

இரண்டு படகுகளும் உரசிக்கொண்டன. பாவாடை ஒரு காலைத் தூக்கி இந்தப் படகில் வைத்தான். எதிரே நிற்கிறவன் கும்பிடுகிறான் என்பது அவன் கண்ணில் படவேயில்லை போலும். அரிவாளை வீசினான். கூப்பிய கைகளில் வலதுகையின் முழங்கைக்குக் கீழே வெட்டு விழுந்தது. சதை வாய் பிளந்து, வெள்ளையாக எலும்பு தெரிந்து, பிறகுதான் ரத்தம் வந்தது. சிங்காரவேல் தன் கையை யாருடையதோ என்பதுபோல் பார்த்தான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முன்பலகையில் இருந்த அகல்யா சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனாள்.

கமருன்னிசா குப்புற விழுந்து, முங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் பின்னலைப் பிடித்துவிட்டாள். அவளே பாதி உடம்பு வெளியே தொங்கிக்கொண்டு, “அல்லா, அல்லா” என்று அரற்றியபடி இழுத்தாள்.

பாவாடை மறுபடியும் அரிவாளை ஓங்கினான். அனுசியா துடுப்பை எடுத்தாள். பிரஸ்ஸின் பிடியைச் சுழற்றுகிற அதே வீச்சில், இடுப்பிலிருந்து சுழற்றி அடித்தாள். துடுப்பின் பட்டை அவன் காதோரம் இறங்கியது. அரிவாள் தெறித்து ஏரிக்குள் போனது. அவனும் இரண்டு படகுகளுக்கும் நடுவில் விழுந்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது.

பாவாடை மேலே வந்தான். வெறும் கை. இரண்டு கைகளாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிவிட்டு அவளை அண்ணாந்து பார்த்து, “அக்கா” என்றான்.

அனுசியா கேட்டாள். அந்தச் சொல் தெளிவாகக் காதில் விழுந்தது. விழுந்த பிறகுதான் துடுப்பை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கினாள். நெற்றியில் அடித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக விளிம்பை விட்டன. அவன் தலை தண்ணீருக்குள் போன இடத்தில் கொஞ்ச நேரம் குமிழி வந்தது.

மாணிக்கவேல், “பாவாட, டேய் பாவாட” என்று கூப்பிட்டான். பிறகு கழியைப் போட்டுவிட்டு வேட்டியோடு குதித்தான். முங்கி எழுந்து, முங்கி எழுந்து, வெறும் பாசியைப் பிடித்துக்கொண்டு வந்தான். சண்டைக்கு வந்தவன் போய், தொலைத்ததைத் தேடுகிறவன் மட்டும்தான் அங்கே இருந்தான். மூன்றாவது ஆளும் குதித்தான். அனுசியாவின் படகை யாரும் தடுக்கவில்லை.

கமருன்னிசா பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டுத் தண்ணீரைக் கக்க வைத்துவிட்டு, தன் வெள்ளைத் துப்பட்டியைக் கிழித்துச் சிங்காரவேலின் கையைச் சுற்றினாள். அனுசியா அதே துடுப்பால் படகைத் தள்ளினாள். கால்மாட்டில் கருப்பன் மூச்சுவிடும் சத்தம் கரகரவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அகல்யா அழவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஏரிக்கரை எரிந்தது. மாணிக்கவேல் பக்கத்து ஆட்கள் கருப்பன் குடிசையையும் அதை ஒட்டியிருந்த குடிசைகளையும் கொளுத்தினார்கள். வலைகளைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். தடுக்கப்போன ஆராயியின் கையை முறித்தார்கள். பதிலுக்குக் கருப்பன் பக்கத்து ஆட்கள் போய் மாணிக்கவேலின் மாட்டைக் காலில் வெட்டிப் போட்டார்கள். மறுநாள் பாவாடையின் உடம்பு சம்புக்குள் மிதந்து வந்தபோது கரையில் போலீஸ் வேன் நின்றது.

அனுசியாவை ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்தார்கள். ஸ்டேஷனில் பெண் போலீஸ் ஒருத்தி பேர் கேட்பதற்கு முன்னால் அறைந்தாள். “ஆம்பளைய அடிச்சிக் கொல்ற அளவுக்குத் திமிரா?” என்றாள். அனுசியாவின் கை தானாக எழுந்தது. வெளியே பெஞ்சில் அகல்யா கமருன்னிசாவின் மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள். அதற்கும் ஒரு அறை விழுந்தது.

கருப்பன் பிழைத்தான். ஆனால் பேச்சு போய்விட்டது. சோற்றை வாயருகில் கொண்டுபோனால் திறப்பான், அவ்வளவுதான். மாணிக்கவேல்மேலும் அந்த மூன்றாவது ஆள்மேலும் தனி வழக்கு. சிங்காரவேலின் வலது கையில் நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். அதன்பிறகு அந்த விரல்களால் ஒரு ஸ்பானரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் பழகப் பார்த்தான். சக்கரத்தைச் சுழலவிட்டுத் தலையைச் சாய்த்துக் கோணலைக் கண்டுபிடிப்பான். திருத்துவதற்குத்தான் கை வராது.

வழக்கு இழுத்தது. ஜாமீனில் வந்து அனுசியா மறுபடி பிரஸ்ஸில் நின்றாள். வக்கீல் நல்ல மனுஷர். “புருஷன வெட்டினான். புள்ள தண்ணியில கெடக்குது. மறுபடி ஓங்கினான். நீ ஒரு அடி அடிச்ச. தற்காப்பு. ரெண்டாவது காயம் அவன் விழும்போது படகு இடிச்சது. இதுக்கு மேல நீ ஒரு வார்த்த பேசக்கூடாது” என்றார்.

கமருன்னிசாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ஆண்டவன் சாட்சியாக உண்மை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, “ஒரு அடிதான் அடிச்சாங்க. அதோட அந்தாளு தண்ணிக்குள்ள போயிட்டாரு” என்றாள். கூண்டிலிருந்து இறங்கி வராந்தாவுக்குப் போனவள் அங்கே சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

பாவாடையின் மனைவி பாஞ்சாலை ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆவதற்குள் புருஷனை இழந்தவள். பின் பெஞ்சில் உட்கார்ந்து அனுசியாவின் முதுகையே பார்ப்பாள்.

நீதிபதி அனுசியாவைப் பார்த்து, சாட்சிகள் சொன்னதைப் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கும் நாள் வந்தது. வக்கீல் கண்ணால் எச்சரித்தார். அனுசியா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படகு இடித்தது என்று வக்கீல் சொன்னதை அவள் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். சொல்லும் ஒவ்வொரு தடவையும் தண்ணீரிலிருந்து அந்த முகம் அண்ணாந்து பார்த்தது.

“ரெண்டு அடி அடிச்சேங்க” என்றாள்.

கோர்ட்டில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

“மொத அடி, எம்புருஷன வெட்டினதுக்கு. மறுபடியும் ஓங்கினான், அதுக்கு. ரெண்டாவது அடிக்கும்போது அவன் கையில ஒண்ணுமில்ல. படகப் புடிச்சிக்கிட்டிருந்தான். என்ன அக்கான்னு கூப்புட்டான். கேட்டுட்டுத்தான் அடிச்சேன்.”

“ஏன் அடித்தாய்?”

“வுட்டா மறுபடி வந்துடுவானோன்னு நெனச்சேன்னு சொல்லலாம்ங்க. அப்படி ஒண்ணும் நெனைக்கல. கை நிக்கல.”

“உன் பக்கத்துச் சாட்சி ஒரு அடி என்றுதானே சொன்னார்?”

“கமருன்னிசாக்கா எம்பொண்ண தண்ணியிலேர்ந்து தூக்கிக்கிட்டிருந்தாங்க. குப்புறக் கெடந்தாங்க. ரெண்டாவது அடிய அவங்க பாத்திருக்க முடியாதுங்க.”

அது பொய். விளிம்பைப் பிடித்திருந்த கைகளுக்கு ஒரு சாண் தள்ளித்தான் கமருன்னிசாவின் முகம் இருந்தது. துடுப்பு இறங்கியதை அவள் கண்கொட்டாமல் பார்த்திருந்தாள்.

வெளியே வந்ததும் கமருன்னிசா அவளைத் தூணோரம் இழுத்துப்போனாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வருமென்று அனுசியாவுக்கு அதுவரை தெரியாது. “ஒனக்காக ஆண்டவன் பேரச் சொல்லிப் பொய் சொன்னேன். அஞ்சு வேள தொழுதுட்டு அந்தப் பாவத்தச் சொமந்துக்கிட்டிருக்கேன். அதயும் வீணாக்கிட்டியே, பாவி” என்று அவள் மார்பில் மாறி மாறிக் குத்தினாள். அனுசியா குத்துக்களை வாங்கிக்கொண்டு நின்றாள். சிங்காரவேல்தான் இடது கையால் அக்காவைப் பிடித்து விலக்கினான்.

கொலை என்று தீர்ப்பாகவில்லை. தற்காப்பு எல்லை மீறியது என்று சொல்லி, சில வருடங்கள் சிறை கொடுத்தார்கள். மாணிக்கவேலுக்கும் தண்டனை கிடைத்தது. அனுசியாவை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவள் சாதுவாகிவிட்டாள் என்று சொன்னால் அது நிஜமில்லை. போன புதிதிலேயே, ஒரு கிழவியின் போர்வையைப் பிடுங்கியவளைச் சுவரில் மோதித் தனியறைக்குப் போனாள். இன்னொரு தடவை சோற்று வரிசையில் ஒருத்தியின் மூக்கை உடைத்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதல் அடியோடு கையை இழுத்துக்கொள்ளப் பழகினாள். அது லேசாக வரவில்லை. அடித்த கையை அக்குளில் வைத்து நெருக்கிக்கொண்டு நிற்பாளாம்.

அந்த வருடங்களில் அகல்யாவை வளர்த்தது கமருன்னிசாதான். கோபம் கோபமாகவே இருந்தது. ஆனாலும் காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்து, பிள்ளைக்குத் தலைபின்னி ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுத்தான் கம்பெனிக்குப் போவாள். சிறைக்கு ஒருமுறைகூட வரவில்லை. அகல்யா அப்பாவோடு வரும்போது அவள் கொடுத்தனுப்பும் கறி வறுவல் மட்டும் வரும்.

தொண்ணூற்று ஒன்பதில் அனுசியா விடுதலையாகி வந்தாள். பழைய கம்பெனியில் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு இடத்தில் பிரஸ் கிடைத்தது. சேர்ந்து சில வாரங்கள் இருக்கும். வேலை விட்டு எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கம்பெனி வாசலில் உடைந்த பீங்கான்களை மலைபோல் கொட்டி வைத்திருப்பார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். அனுசியா அவளை அடையாளம் கண்டுகொள்வதற்குள், பாஞ்சாலை குனிந்து ஒரு சில்லை எடுத்து அவள் முகத்தில் கிழித்தாள்.

கன்னத்து எலும்பிலிருந்து தாடை வரை கோடு விழுந்தது. கூட்டம் கத்தியது. பாஞ்சாலை மறுபடி கையை வீசினாள், இந்தத் தடவை கழுத்துக்கு. அனுசியா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிரஸ்ஸில் வேலை செய்த பிடி. பாஞ்சாலை உதறினாள், உதைத்தாள், குனிந்து அந்தக் கையைக் கடித்தாள். பல் இறங்கியது. ஓடிவந்தவர்களைப் பார்த்து அனுசியா, “யாரும் கிட்ட வராதீங்க” என்றாள்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றார்களோ. சில்லைப் பிடித்திருந்த பாஞ்சாலையின் உள்ளங்கையும் கிழிந்து, இருவர் ரத்தமும் ஒரே புடவையில் சொட்டியது. பாஞ்சாலைக்கு மூச்சு வாங்கியது. சில்லு கையிலிருந்து விழுந்தது. அனுசியா அப்போதும் மணிக்கட்டை விடவில்லை.

“அக்கான்னு கூப்புட்டாரா?” என்று கேட்டாள் பாஞ்சாலை. “கோர்ட்ல சொன்னியே. நெசமாவே கூப்புட்டாரா, இல்ல நீயா சொன்னதா?”

“கூப்புட்டாரு.”

“வேற எதனா சொன்னாரா?”

“சொல்லல. நான் சொல்ல வுடல.”

பாஞ்சாலை அவளை இடது கையால் அறைந்தாள், கிழிந்த கன்னத்திலேயே. அனுசியா முகத்தைத் திருப்பவில்லை. இன்னும் ஒரு அறை. மூன்றாவதற்குக் கை எழவில்லை. அந்தப் பெண் அப்படியே பீங்கான் குவியலின்மேல் உட்கார்ந்தாள். இத்தனை வருடங்களாக அவளுடைய புருஷன் கடைசியாக என்ன சொன்னான் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. மாணிக்கவேல்கூட அந்தப் பேச்சை எடுக்கவிடுவதில்லை என்று பிறகு தெரிந்தது.

அனுசியா அவளைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டாள். முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, இரண்டடி பின்னால் நடந்தாள். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பாஞ்சாலை ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. பஸ் போன பிறகு அனுசியாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டீக்கடைக்காரர்தான் ஆட்டோ பிடித்து ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது கமருன்னிசா வந்துவிட்டாள். தீர்ப்புக்குப் பிறகு இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. அவள் அனுசியாவின் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“கேஸு குடுக்கணும். ஊரே பாத்திருக்குது. இந்தத் தடவ நான் பொய் சொல்ல வேண்டியதில்ல” என்றாள்.

“வாணாம்க்கா.”

“அப்ப அவ மறுபடியும் வருவா.”

“வரட்டும்” என்றாள் அனுசியா. ஊசி இறங்கியது. அவள் கமருன்னிசாவின் துப்பட்டியை இறுக்கிப் பிடித்தாள்.

பாஞ்சாலை அதன்பிறகு வரவில்லை. அனுசியாவின் முகத்தில் அந்தத் தழும்பு நின்றுவிட்டது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள், அது பிரஸ்ஸில் பட்டதா என்று கேட்பார்கள். அவள் இல்லை என்பாள். ஒரு பொண்ணு கிழிச்சது, அவ புருஷன நான் அடிச்சிக் கொன்னுட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த பிடித் தூளை அள்ளி அச்சில் போடுவாள். கேட்டவர்கள் பிறகு அவளிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.